களிம்பும் தீர்ப்பும்

உதடு வெடித்தால் வெண்ணெய் தடவுகிற வீட்டில் பிறந்தவன் நான். பனியைப் படத்தில் பார்த்ததோடு சரி. அப்படிப்பட்டவன் நார்வே தேசத்துப் பனிச்சறுக்குக்காரி ஒருத்தியின் வழக்கில் வக்காலத்து வாங்கிக்கொண்டு கிளம்புவது அதிகப்பிரசங்கித்தனம் என்று சிலர் சொல்லக்கூடும். சொல்லட்டும். வழக்கு பனியைப் பற்றியதல்ல. ஒரு மருந்தைப் பற்றியது. மருந்து வாங்கித் தந்தவர் யார், தடவிக்கொண்டது யார், தண்டனை யாருக்கு என்பதைப் பற்றியது. இதைப் பேசுவதற்குப் பனியில் சறுக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

தெரேசே யோஹவுக் என்று பெயர். 1988-ஆம் வருஷம் பிறந்தவள். டால்ஸ்பிக்டா என்ற கிராமத்துப் பெண். நெடுந்தூரப் பனிச்சறுக்கு என்றால், மலையுச்சியிலிருந்து கண்மூடித் திறப்பதற்குள் கீழே வந்து நிற்கிற வித்தை என்று எண்ணிவிடாதீர்கள். மேட்டிலும் பள்ளத்திலும், சமவெளியிலும், இரண்டு கட்டைகளைக் காலில் மாட்டி, இரண்டு கோல்களைக் கையில் ஊன்றிக்கொண்டு பத்துக் கிலோமீட்டர், முப்பது கிலோமீட்டர் என்று மூச்சு வாங்க வாங்கப் போவது. மேட்டில்தான் இந்தப் பெண்ணின் சாமர்த்தியம் தெரியும். சின்ன உருவம், குட்டிக் குட்டி எட்டாக வைத்து, மற்றவர்கள் சோர்ந்து தயங்குகிற இடத்தில் இவள் வேகத்தைக் கூட்டுவாள். 18 வயதில், 2007-இல், ஜப்பானின் ஸப்போரோ நகரில் நடந்த உலகப் போட்டியில் முப்பது கிலோமீட்டரில் வெண்கலம். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் தொடரோட்டத் தங்கம். 2011-இல் ஆஸ்லோவில், சொந்த தேசத்து ஜனங்களின் கண்ணெதிரே, முப்பது கிலோமீட்டரில் மாரிட் பியோர்கனைத் தோற்கடித்துத் தங்கம். 2015-இல் ஃபாலுனில் மூன்று தங்கம். 2014-இலும் 2016-இலும் பருவம் முழுவதற்குமான உலகக் கோப்பை. தனிப்பட்ட ஒலிம்பிக் தங்கம் மட்டும் கைக்கு வரவில்லை. 2014 சோச்சியில் ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம், அவ்வளவுதான். அடுத்த ஒலிம்பிக் 2018-இல். அப்போது அவளுக்கு 29 வயதாகும். இந்த விளையாட்டில் அது நல்ல வயது.

இனிமேல் களிம்புக்கு வருகிறேன்.

2016 ஆகஸ்டு கடைசியில் நார்வேக் குழு இத்தாலியில், லிவின்யோ என்ற மலையூரில் பயிற்சிக்காகத் தங்கியிருந்தது. கடல் மட்டத்துக்கு 1,800 மீட்டர் உயரம். அந்த உயரத்து வெயிலில் யோஹவுக்கின் உதடு வெந்து புண்ணாயிற்று. குழுவின் டாக்டர் பிரெட்ரிக் பெண்டிக்சன் உள்ளூர் மருந்துக் கடைக்குப் போய் ஒரு களிம்பு வாங்கி வந்தார். ட்ரோபோடெர்மின் என்று அதற்குப் பெயர். இத்தாலியில் வெட்டுக் காயத்துக்கும் புண்ணுக்கும் தடவுவது. அதில் குளோஸ்டெபால் என்ற ஸ்டீராய்டு சேர்ந்திருக்கிறது. அது விளையாட்டுக்காரர்களுக்கு விலக்கப்பட்ட சரக்கு. இவள் டாக்டரைக் கேட்டாள்: இது தடைப் பட்டியலில் உள்ளதா? இல்லை என்றார் டாக்டர். தடவிக்கொண்டாள். செப்டம்பர் 16-ஆம் தேதி சோதனைக்காரர்கள் வந்து சிறுநீர் வாங்கிப் போனார்கள். அக்டோபரில் செய்தி வெளிவந்தது. டாக்டர், தப்பு முழுவதும் என்னுடையதே என்று சொல்லிப் பதவியை விட்டு விலகினார். இவள் பத்திரிகைக்காரர்கள் முன்னால் கண்ணீர் விட்டு அழுதாள். என்மேல் ஒரு குற்றமும் இல்லை என்றாள்.

இதையே நான் நாவலாக எழுதியிருந்தால் எந்தப் பத்திரிகாசிரியரும் திருப்பி அனுப்பியிருப்பார். ஏனென்றால் அந்தக் களிம்புப் பெட்டியின் மேலேயே சிவப்பு வட்டம் போட்டு, குறுக்கே கோடிழுத்து, 'டோப்பிங்' என்று எச்சரிக்கை அச்சிட்டிருந்தது! இத்தாலிய பாஷை தெரியாது என்று சொல்லவும் இடமில்லை. அந்த வார்த்தை எல்லா பாஷையிலும் அதே வார்த்தைதான். டாக்டரும் அதைக் கவனிக்கவில்லை. அவளும் கவனிக்கவில்லை. வாழ்க்கை மட்டும்தான் இவ்வளவு மோசமாகக் கதை கட்டும்.

நார்வேயின் விளையாட்டுச் சம்மேளனத்துத் தீர்ப்புக் குழு 2017 பிப்ரவரியில் 13 மாதம் தடை விதித்தது. சர்வதேச ஸ்கீ சம்மேளனத்துக்கு அது போதவில்லை. லோஸான் நகரிலுள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றத்துக்கு அப்பீல் செய்தது. ஆகஸ்டு 22-ஆம் தேதி அங்கே 18 மாதம் என்று தீர்ந்தது. 2016 அக்டோபர் 18-லிருந்து எண்ணினால் 2018 ஏப்ரலில் முடிகிறது. தென் கொரியாவில் ஒலிம்பிக் நடந்தது 2018 பிப்ரவரியில்.

இது விஷயமாக அன்று இரண்டு கட்சிகள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. ஒரு கட்சி, பாவம், ஒன்றுமறியாத பெண், விதி செய்த கொடுமை என்கிறது. மற்றொரு கட்சி, நார்வேக்காரர்கள் எல்லாருமே இப்படித்தான், உதட்டுப் புண்ணாம், களிம்பாம், யாரிடம் கதை அளக்கிறார்கள் என்கிறது. இரண்டாவது கட்சியோடு எனக்குப் பேச்சே இல்லை. களிம்பிலிருந்துதான் மருந்து உடம்புக்குப் போயிற்று, ஏமாற்றும் எண்ணம் இல்லை என்பதை இரண்டு தீர்ப்புகளுமே ஒப்புக்கொண்டிருக்கின்றன. அப்பீல் செய்தவர்களும் அதை மறுக்கவில்லை. நீதிபதிகளும் எதிர்க்கட்சியும் ஒப்புக்கொண்ட ஒன்றைத் திண்ணையில் உட்கார்ந்து மறுக்கிறவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?

முதல் கட்சியோடுதான் எனக்குச் சண்டை. அழுகிறவளைப் பார்த்து உருகுகிறவர்கள் அவளுக்கு நியாயம் செய்வதாக நினைத்துக்கொண்டு அநியாயம் செய்கிறார்கள். அவளுக்குக் குற்றமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். படிக்கத் தெரிந்த பெண். பத்து வருஷமாக உலகப் பந்தயங்களில் ஓடுகிறவள். அதே வருஷம் ஜூலையில்தான், அவளுடைய தேசத்தவரும் சக வீரருமான மார்ட்டின் யோன்ஸ்ருட் சுண்ட்பிக்கு அதே லோஸான் நீதிமன்றம் இரண்டு மாதத் தடை விதித்திருந்தது. அவருக்கு ஆஸ்துமா, மூச்சுக்கு இழுக்கிற மருந்தை டாக்டர் சொன்னபடிதான் எடுத்துக்கொண்டார், அளவு மீறிவிட்டது. 2015-ஆம் வருஷத்து உலகக் கோப்பையையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டார்கள். ஜூலையில் அது, இரண்டு மாதம்கூட ஆகவில்லை, செப்டம்பரில் இது. பக்கத்து வீட்டுக் கூரை எரிந்து சாம்பல் ஆறுவதற்குள் தன் வீட்டில் அடுப்பைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கினாள் என்றால், அதைக் குற்றமில்லை என்று எப்படிச் சொல்வது? பெட்டியைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அந்த மட்டில் லோஸான் நீதிபதிகள் சொன்னது சரி.

ஆனால் அந்த நீதிபதிகள் ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. ஏன் அவள் திருப்பிப் பார்க்கவில்லை?

அவர்கள் அவளைத் தனி மனுஷியாக வைத்துப் பார்த்தார்கள். ஒரு பெண், ஒரு களிம்பு, ஒரு பெட்டி, பெட்டியின் மேல் எழுத்து, படித்தாயா, இல்லையா? கோர்ட்டுக்கு அது சௌகரியம். ஆனால் பெரிய பனிச்சறுக்குக் குழு ஒன்றில் இருக்கிறவர்கள் தனி மனிதர்களா? கட்டைக்கு அடியில் எந்த மெழுகு பூசுவது என்பதைத் தீர்மானிக்க ஆட்கள் உண்டு. பந்தயத்தன்று விடியும் முன்பே எழுந்து பனியின் சூட்டை அளந்து, நாலைந்து ஜோடியைச் சறுக்கிப் பார்த்து, இதை மாட்டிக்கொள் என்று கொடுக்கிறார்கள். மாட்டிக்கொண்டு ஓட வேண்டியது மட்டும் இவர்கள் வேலை. எந்த மலையில் தங்குவது, எத்தனை நாள் தங்குவது, இன்று எவ்வளவு ஓடுவது, நாளை எவ்வளவு ஓய்வு, எல்லாம் வேறொருவர் யோசனை. உடம்புக்கு ஒன்றென்றால் டாக்டர். மற்றவர் யோசித்துத் தருவதைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வதுதான் நல்ல வீராங்கனைக்கு லட்சணம் என்று பழக்கிவிட்டார்கள். பத்து வருஷம் இப்படிக் குழந்தையைப் போல வைத்திருந்துவிட்டு, பதினோராம் வருஷம் ஒரு நாள் எழுந்து, நீ வயது வந்தவளாயிற்றே, நீயே ஏன் பார்க்கவில்லை என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

அவ்வளவு ஏன், நானே என்ன செய்துகொண்டிருக்கிறேன் பாருங்கள். இந்தக் கட்டுரை தொடங்கிய இடத்திலிருந்து டாக்டரை 'அவர்' என்று எழுதுகிறேன். சுண்ட்பியையும் 'அவர்' என்கிறேன். 28 வயதில் உலகத்தையே ஜெயித்திருந்தவளை 'அவள்' என்றும் 'பெண்' என்றும் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். பேனா தானாக ஓடுகிற வழி அது. இனிமேல் திருத்திக்கொள்கிறேன். ஆனால் பேனா தானாக ஓடியது போலத்தான் லிவின்யோவிலும் நடந்திருக்க வேண்டும். அவர் கேட்டார், டாக்டர் சொன்னார், முடிந்தது.

இன்னொன்று. ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டத்தில் ஒரு விளக்கம் இருக்கிறது. தன்னுடைய டாக்டரோ பயிற்சியாளரோ விலக்கப்பட்ட மருந்தைக் கொடுத்துவிட்டார் என்று சொல்லி ஒருவர் முழுக்கத் தப்பித்துக்கொள்ள முடியாது. ஏனென்றால் டாக்டரைத் தேர்ந்தெடுத்தது அவர்தானே, அந்தத் தேர்வுக்கு அவரே பொறுப்பு என்கிறது அந்த விளக்கம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சொந்தப் பணத்தில் சொந்த டாக்டரை வைத்துக்கொண்டு ஓடுகிறவருக்கு அது பொருந்தும். ஆனால் தேசியக் குழுவின் டாக்டரைத் தேர்ந்தெடுப்பது ஓடுகிறவரா? சம்மேளனம் தேர்ந்தெடுக்கிறது, சம்மேளனம் அனுப்புகிறது. டாக்டரிடம் போகாதே, நான் வேறொருவரைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு வீராங்கனை சொன்னால் அவரைக் குழுவில் யார் விரும்புவார்கள்? தேர்ந்தெடுக்காத டாக்டருக்காகத் தேர்ந்தெடுத்த பாவத்தை ஏற்க வேண்டும்! தேர்ந்தெடுத்த சம்மேளனத்துக்கு இதில் நஷ்டம் என்ன? 2018-இல் அது வழக்கம்போல ஒரு முழுக் குழுவைக் கொரியாவுக்கு அனுப்பியது. வழக்கம்போல மெடல்களைக் கூடை கூடையாக வாரிக்கொண்டு வந்தது.

இங்கே என் நண்பர் ஒருவர் குறுக்கே வந்து சொன்ன ஆட்சேபத்தை மறைக்காமல் எழுத வேண்டும்; ஏனென்றால் அது பலமான ஆட்சேபம். "ஓய், டாக்டர் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கலாம் என்று ஒரு வழியைத் திறந்துவிட்டால், நாளைக்கு ஒவ்வொரு திருடனும் ஒரு டாக்டரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வான். மாட்டிக்கொண்டால் டாக்டர் அழுவார், இவன் ஓடுவான். அதற்கு என்ன சொல்கிறீர்?" என்றார்.

வாஸ்தவம். அதனால்தான் விடுதலை கேட்கவில்லை நான். உன் உடம்பில் இருப்பதற்கு நீயே பொறுப்பு என்கிற விதி இல்லாவிட்டால் இந்த விளையாட்டுகள் ஒரே வருஷத்தில் மருந்துக் கடைக்காரர்களின் பந்தயமாகிவிடும் என்பது எனக்கும் தெரிகிறது. 13 மாதம் கொடுத்தார்களே, அதை நான் குறை சொல்லவில்லை. ஒரு முழுப் பருவம் போயிற்று; 2017 உலகப் போட்டி போயிற்று; பெயரும் போயிற்று. பெட்டியைத் திருப்பிப் பார்க்காததற்கு அது சின்னத் தண்டனையா? 13 மாதம் என்றால் 2017 நவம்பர் நடுவில் முடிந்திருக்கும். பருவம் தொடங்குகிற சமயம். பிப்ரவரியில் கொரியாவுக்குப் போயிருப்பார்.

அதற்கு மேல் ஐந்து மாதம். காகிதத்தில் ஐந்து மாதம். அந்த ஐந்து மாதத்தில் பாதி, பனியே இல்லாத மாதங்களாக இருந்திருந்தால் யாருக்கு என்ன? ஆனால் இந்த ஐந்து மாதம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரையில். அதாவது ஒரு பனிக்காலம் முழுவதும். அதன் நடுவில் நாலு வருஷத்துக்கு ஒரு முறை வருகிற பந்தயம். வேறொரு விளையாட்டுக்காரருக்கு வேறொரு மாதத்தில் இதே ஐந்து மாதம் கிடைத்திருந்தால் ஒரு சொட்டு வியர்வைகூட நஷ்டமாகியிருக்காது.  ஆனால் மாதக் கணக்கில்தான் நீதிபதிகளுக்கு அளக்கத் தெரியும். துணிக்கடையில் கெஜக்கோலை வைத்துக்கொண்டு தண்ணீர் அளப்பது போல.

2018 பிப்ரவரி 25-ஆம் தேதி கொரியாவில் பெண்களின் முப்பது கிலோமீட்டர் நடந்தது. கிளாசிக் என்று அவர்கள் சொல்கிற பழைய பாணி. 2015-இல் ஃபாலுனில் அதே தூரத்தை அதே பாணியில் ஜெயித்து உலகப் பட்டம் வாங்கியவர் யோஹவுக். அன்று 37 வயதான மாரிட் பியோர்கன் தனியாக முன்னேறி, இரண்டாவதாக வந்தவரைவிட ஒன்றே முக்கால் நிமிஷத்துக்கும் மேலே முந்திக்கொண்டு தங்கம் வாங்கினார். அது அவருடைய பதினைந்தாவது ஒலிம்பிக் மெடல். பனிக்கால ஒலிம்பிக்கில் அதுவரை யாரும் அத்தனை வாங்கியதில்லை. உன்னதமான ஓட்டம். அதில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. ஆனால் ஏழு வருஷத்துக்கு முன் ஆஸ்லோவில் அவரை முந்தியவர் அந்தக் கோட்டில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பியோர்கனே ஜெயித்திருக்கலாம், சோச்சியில் அவர்தான் ஜெயித்தார். நான் கேட்பது யார் ஜெயித்திருப்பார் என்று அல்ல. அப்படி ஒரு ஓட்டத்தை உலகம் பார்க்காமலே போயிற்று. பியோர்கனும் அந்த வசந்தத்திலேயே ஓய்வு பெற்றுவிட்டார்.

இனி ஆறு வருஷம் தள்ளி வருகிறேன். ட்ரோபோடெர்மின் மறுபடி வந்தது!

2024 மார்ச்சில் இத்தாலிய டென்னிஸ் வீரர் யானிக் சின்னரின் சோதனையில் குளோஸ்டெபால் இருந்தது. அதே மருந்து. அவருடைய உடற்பயிற்சியாளர் இத்தாலியில் வாங்கியது. உடம்பு பிடித்துவிடுகிறவர் தன் விரலில் இருந்த வெட்டுக்காயத்துக்குப் போட்டுக்கொண்டு, கையுறையில்லாமல் சின்னருக்கு உடம்பு பிடித்துவிட்டிருக்கிறார். முதலில் விசாரித்த நடுவர் குழு அவர்மேல் குற்றமே இல்லை என்றது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம் லோஸானுக்கு அப்பீல் செய்தது. பிறகு, 2025 பிப்ரவரியில், வழக்கு நடக்குமுன்பே சமரசம் செய்துகொண்டது. மூன்று மாதம். பிப்ரவரி 9-லிருந்து மே 4 வரை. ஆஸ்திரேலியப் பந்தயம் முடிந்து பிரெஞ்சுப் பந்தயம் தொடங்குவதற்குள் அடங்கிவிட்டது. பெரிய பந்தயம் ஒன்றுகூடத் தவறவில்லை.

இரண்டு வழக்கும் ஒன்றே என்று நான் சொன்னால் அது புரட்டு. யோஹவுக் தாமே தடவிக்கொண்டார். பெட்டி அவர் கையில் இருந்தது. சின்னர் அந்தப் பெட்டியைக் கண்ணால் பார்த்தாரா என்பதே வேறு விஷயம்; இன்னொருவர் கையிலிருந்து வந்து ஒட்டியது. சின்னருக்குக் குறைவாகக் கொடுத்தது தப்பு என்பது என் கட்சி அல்ல. அவருக்கு அவ்வளவே போதும் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சின்னர் விஷயத்தில் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, அவரைச் சுற்றியிருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பது. யார் வாங்கினார், யார் தடவினார், யார் சொல்லவில்லை என்று ஆள் ஆளாக விசாரித்தார்கள். அவருக்கு விதித்த மூன்று மாதத்தையே, அவரைச் சேர்ந்தவர்கள் செய்த அஜாக்கிரதைக்கு அவர் பொறுப்பேற்கிறார் என்ற பெயரில்தான் விதித்தார்கள். சுற்றியிருப்பவர்களையும் சேர்த்துப் பார்க்கிற கண் நீதிக்கு இருக்கிறது என்பது இதில் தெரிந்துவிட்டது. 2017-இல் அந்தக் கண்ணை யார் கட்டி வைத்திருந்தார்கள்? தம் பணியாட்களைத் தாமே நியமித்துக்கொள்கிற செல்வந்த வீரருக்குச் சுற்றம் கணக்கில் வருகிறது. சம்மேளனம் நியமித்த டாக்டரின் கீழ் இருந்தவருக்கு அது வரவில்லை. தலைகீழாக இருந்திருந்தால்கூட எனக்கு ஒருவாறு புரிந்திருக்கும்.

இதையெல்லாம் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "முடிவில் எல்லாம் சுபமாகத்தானே ஆயிற்று?" அப்புறம் பட்டியல் படிப்பார்கள். தடை முடிந்து திரும்பியதும் 2018 நவம்பரில் பின்லாந்தின் ரூகாவில் பத்துக் கிலோமீட்டரை ஜெயித்தார். 2019-இல் ஸீஃபெல்டில் மூன்று தங்கம். 2021-இல் ஓபர்ஸ்டார்ஃபில் நாலு தங்கம். 2022 பிப்ரவரி 5-ஆம் தேதி பெய்ஜிங் ஒலிம்பிக்கின் முதல் தங்கமே அவருடையது. 33 வயதில் முதல் தனிப்பட்ட ஒலிம்பிக் தங்கம். ஐந்து நாள் கழித்துப் பத்துக் கிலோமீட்டரில் பின்லாந்துக்காரி ஒருவரை ஒரு விநாடியில் பத்தில் நாலு பங்கு வித்தியாசத்தில் முந்தி இரண்டாவது தங்கம். கடைசி நாள், காற்று ஊளையிடுகிற குளிரில், முப்பது கிலோமீட்டரில் தொடக்கத்திலேயே தனியாகப் பிரிந்து போய், ஒன்றே முக்கால் நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவான வித்தியாசத்தில் மூன்றாவது.

நானும் அந்தப் பட்டியலைப் படித்துச் சந்தோஷப்பட்டவன்தான். ஆனால் அதை லோஸான் தீர்ப்புக்கு நற்சாட்சிப் பத்திரமாக நீட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. கீழே தள்ளப்பட்டவன் எழுந்து ஓடினான் என்பதால் தள்ளியது சரியாகிவிடுமா? எழுந்து ஓடியது அவருடைய பெருமை. அதில் நீதிமன்றத்துக்கு ஒரு பங்கும் கிடையாது. அவர் 29 வயதில் முழங்காலோ மூச்சோ கெட்டுப்போய் 2022 வரையில் நிலைக்காமல் இருந்திருந்தால் இவர்கள் எந்தப் பட்டியலைப் படித்திருப்பார்கள்? பனிச்சறுக்கில் நாலு வருஷம் காத்திருந்து அதே பலத்தோடு வருகிறவர்கள் எத்தனை பேர்?

2022 மார்ச்சில் யோஹவுக் ஓய்வு பெற்றார். பிறகு 2025 உலகப் போட்டி சொந்த தேசத்தில், ட்ரொண்ட்ஹைமில் நடக்கப்போகிறது என்றதும், ஒரு குழந்தைக்குத் தாயான பின், 36 வயதில் மறுபடி கட்டைகளை மாட்டிக்கொண்டு வந்தார். அந்த ஜனவரியில் இத்தாலிய மலைகளில் நடக்கிற பலநாள் பந்தயத் தொடரை நாலாவது முறையாக ஜெயித்தார். வால் டி ஃபியெம்மேயில் சறுக்கு மைதானத்தின் செங்குத்துச் சரிவில் ஏறி முடிகிற தொடர் அது. அந்த ஏற்றத்தில், குட்டி எட்டு வைத்து, அவர் போவதைப் படத்தில் பார்த்தேன். ஓடி முடித்தவர்களுக்கு யார் யாரோ தண்ணீர்ப் புட்டியை நீட்டுகிறார்கள். வாங்கிக் குடிக்கிறார்கள். ஒருவரும் புட்டியைத் திருப்பிப் பார்க்கவில்லை.